கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தல்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்க விரும்புவோர் பலர். தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விட்டால், அவை பெரும்பாலும் ஒரு மாதத்திற்குள் மடிகின்றன. நோய் என்றும் திருஷ்டி என்றும் கூறுவர். மெய்யான காரணம் அம்மோனியாவே.

வயலில் இடும் அம்மோனியம் சல்பேட்டை நைட்ரேட்டாக மாற்றுபவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் என்பதை நம் குடியானவர் அறிவர். தொட்டியிலும் அதுவே நிகழ்கிறது. மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய இரையும் அம்மோனியாவாகின்றன. அதிலிருந்து நைட்ரைட்டும், பின்னர் நைட்ரேட்டும் உண்டாகும். முன்னிரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு தீங்கு செய்யாது. புதுத் தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் போதிய அளவில் இரா. மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவை பெருக 4 முதல் 6 வாரம் செல்லும்.

ஆகையால் 2 அடி நீளமும், அகலமும் உயரமும் 1 அடியும் உள்ள தொட்டியில் (ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும்) கழுவிய மணலும் நீர்ச்செடியும் வடிகட்டியும் அமைத்து, மீனின்றியே தினம் ஒரு சிட்டிகை இரை இட்டு வருக. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றதைச் சோதனைத் திரவத்தால் கண்டபின், நாலைந்து கப்பி மீன்களை மட்டும் விடலாம். குழாய் ஜலமாயின் குளோரினை முதலில் நீக்க வேண்டும். குளோரின் கலவாத கிணற்று ஜலத்திற்கு இத்தொல்லை இல்லை.

வாரந்தோறும் ஜலத்தில் நாலிலொரு பங்கை மாற்றினால் போதும். சுத்தம் கருதி யாவற்றையும் தேய்த்துக் கழுவுவோர் பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகின்றனர். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே அலசுக.

வேண்டாத மீனை ஏரியிலோ கண்மாயிலோ விடலாகாது. கண்ணாடியில் ஒட்டிப் பாசி மேயும் தென்னமெரிக்கக் கெளுத்தி இவ்வாறே நம் நீர்நிலைகளில் பரவி, மீனவர் வலைகளைக் கிழித்து வருகிறது. கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.