எரிமலைக்கு ஒருநாள் நடை

வெள்ளாங்குளத்தைச் சூழ்ந்த சமநிலத்தில் வாழும் எமக்கு மலை புதிது. எரிமலையோ இலங்கையில் எங்குமே இல்லை. ஆயினும், 19ஆம் நூற்றாண்டில் தமிழர் பலர் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற ரீயூனியன் தீவிலே, 2,632 மீற்றர் உயரமான பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்னும் எரிமலை இன்றும் உயிர்ப்புடன் விளங்குகின்றது.

சிறு குழுவினர் வழிகாட்டியுடன் அதிகாலையிலே பெல்கோம்ப் கணவாயிலிருந்து புறப்படுவர். செங்குத்தான பாறைச் சுவரிலே நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கி, உறைந்த தீக்குழம்பின்மேல் நடப்பர். அங்கே நீருமில்லை, நிழலுமில்லை. பாறைகளிலே தீட்டிய வெள்ளைக் குறிகளே பாதை. மூடுபனி கவிந்தால் அவையும் மறையும். குழு சிறிதாயின், ஒருவர் பின்தங்கினும் வழிகாட்டி உடனே அறிவார்.

1977இல் தீக்குழம்பு ஓர் ஊரையே தாக்கியது. அதன் பின்னர், 1979இல் ஆய்வுநிலையம் நிறுவப்பட்டது. மலை குமுறும் அறிகுறி தோன்றின், பாதையின் வாயில் அடைக்கப்படும். 2007 ஏப்பிரலில் உச்சிப் பள்ளத்தின் அடித்தளம் 300 மீற்றருக்குமேல் இடிந்து தாழ்ந்தமை, அக்கட்டுப்பாட்டின் தேவையை உணர்த்தும்.

அடைத்த வாயிலைக் கண்டு திரும்புதல் தோல்வியன்று. கடல் கொந்தளிக்கும் நாளில் வள்ளத்தைக் கரையேற்றும் எம் மீனவர் இதனை நன்கறிவர்.