உங்களுக்குத் தெரியுமா? புதுத் தந்தி பூட்டினால்...

● பண்ருட்டிப் பலா பழத்துக்கு மட்டும் பேர்போனதல்ல. முற்றிய மரம் தஞ்சாவூர்ப் பட்டறைகளுக்குப் போய் வீணையாகிறது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒட்டுப் போடாமல் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ‘ஏகாண்ட வீணை’. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

● வீணைக்குத் தந்தி ஏழு: வாசிக்க நான்கு, தாளத்துக்கு மூன்று. பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு. சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்குரிய ஸ்வரங்களே இதற்கும். ஒரு ஸ்தாயி கீழே. ஆகத் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிரும்.

● நான்கு தந்திகளும் சேர்ந்து பேஸின் கழுத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 80 கிலோ. இருபது கிலோ பலாப்பழம் நான்கைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி! எல்லாத் தந்தியையும் ஒரேயடியாக அவிழ்த்தால் கழுத்தின் வளைவு மாறி, பழைய நிலைக்கு வர நேரம் பிடிக்கும். அதனால்தான் பலர் ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் பூட்டி, பிறகு அடுத்ததைத் தொடுகிறார்கள்.

● பேஸ் தந்தியின் உள்ளே எஃகுக் கம்பி. அதன்மேல் சுற்றுக் கம்பி. நீளம் அதிகமென்று நேராக நறுக்கினால் சுற்று தளர்ந்து நாதம் கெட்டுவிடும். முதலில் செங்குத்தாக மடக்க வேண்டும். மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும்.

● புதுத் தந்தியில் சுருதி இறங்குவதற்குக் கம்பி நீள்வது மட்டும் காரணமல்ல. முளையில் சுற்றிய சுற்றுகள் இறுகும். தந்தியைத் தாங்கும் குதிரைக் கட்டையில் ஏறி இறங்கும் இடத்தில் மடிப்பு படியும். விரலால் மெல்ல இழுத்துவிட்டு சுருதி சேர்ப்பதை நாலைந்து முறை செய்தால் சீக்கிரம் நிலைக்கும். கச்சேரி இருந்தால் முந்தின நாளே மாற்றிவிடுவது நல்லது.

● வீணையில் பிரடையை (முளையை) திருகாமலே சுருதியை நுட்பமாகச் சரிசெய்யலாம். தந்திக்கும் அதன் அடிமுனையைப் பிடித்திருக்கும் நாகபாசத்துக்கும் இடையில் இருக்கும் ‘லங்கர்’ அதற்குத்தான்.

● கடலூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் கை வியர்வையும் தந்தியை அரிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் ஆயுள் கூடும். மங்கிய பேஸ் தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவிடுகிறவர்களும் உண்டு. அழுக்கு நீங்கி ஒலி தெளியும். ஆனால் சில நாளைக்குத்தான்.

● அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழியத் தந்தி மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர். பழந்தந்தியின் அந்த அடங்கிய நாதத்தை விரும்பி, இன்றும் புதுத் தந்தி வாங்காமல் தள்ளிப்போடும் பேஸ் கலைஞர்கள் இருக்கிறார்கள்.