ஏற்றத்தில் அரட்டை, இறக்கத்தில் பந்தயம்

எண்டியூரோ என்ற மலைசைக்கிள் பந்தயத்தில் மேட்டில் ஏறும் நேரம் கணக்கில் வராது. குறித்த கெடுவுக்குள் அடுத்த தொடக்கப் புள்ளிக்கு வந்து சேர்ந்தால் போதும். கடிகாரம் ஓடுவது இறக்கத்தில் மட்டும். ஒரே பந்தயத்தில் இப்படிப் பல இறக்கங்கள் இருக்கும். அத்தனை நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி. அதனால் உலகத் தரப் போட்டியாளர்கள்கூட ஏற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே மிதிக்கிறார்கள். போன இறக்கத்தில் எந்த வேர் சக்கரத்தை இழுத்தது, எந்தத் திருப்பத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது என்று பேச்சு ஓடும். உச்சிக்குப் போனதும் முகத்தை மூடும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவராக இறங்கி, சற்று முன்பு பேசிக்கொண்டு வந்தவரையே தோற்கடிக்கப் பார்க்கிறார்கள்.

இந்தப் பந்தயத்தின் உலகத் தொடர் 2013ல் இத்தாலியின் புன்டா ஆலாவில் தொடங்கியது. முதல் ஆண்டு பட்டங்களை பிரான்சின் ஜெரோம் கிளெமென்ட்ஸும் பிரிட்டனின் டிரேசி மோஸ்லியும் வென்றார்கள். தொடர் புதிது என்றாலும் பழக்கம் பழையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் சைக்கிளோடு மலைக்குப் போனால் மெதுவாக ஏறுவார்கள், மேலே மூச்சு வாங்கிக்கொள்வார்கள், இறங்கும்போது ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பார்கள். எண்டியூரோ அதையே விதியாக எழுதிவைத்தது. மலைசைக்கிளில் பந்தயமும் நண்பர்கள் சவாரியும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்றை விட்டு மற்றொன்றை வளர்க்கப் பார்த்த இடங்களிலெல்லாம் விளையாட்டு மெலிந்திருக்கிறது.

பிறந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுண்டி. 1970களில் அங்கே டமல்பைஸ் மலையையும் சுற்றியுள்ள குன்றுகளையும் பழைய சைக்கிள்களில் சுற்றிவந்த இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களில் பலர் சாலைப் பந்தயக்காரர்கள். மலைக்கு அவர்கள் எடுத்துப்போனதோ 1930, 40களில் வந்த ஷ்வின் எக்செல்சியர் போன்ற தடித்த டயர் வண்டிகள். பழைய கடைகளிலும் கொட்டகைகளிலும் துருப்பிடித்துக் கிடந்தவற்றைச் சில டாலருக்கு வாங்கி, மட்கார்டையும் வேண்டாத பாகங்களையும் கழற்றி எறிந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் கனத்தது. அந்த வண்டிகளைக் கிளங்கர் என்று அழைத்தார்கள்.

யார் வேகமானவர் என்ற வாக்குவாதம் எந்த நண்பர் கூட்டத்திலும் வரும். இங்கே அதைத் தீர்க்க ஒரு மலையும் கடிகாரமும் இருந்தன. ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே பைன் மவுண்டனிலிருந்து இறங்கும் மண் சாலையை, 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லி என்பவர் பந்தயத் தடமாக்கினார். ஒரு ராக் இசைக்குழுவின் சாமான்களைச் சுமந்து பிழைத்தவர் அவர். தடத்தின் நீளம் மூன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் சுமார் 1,300 அடி சரிவு. வண்டியில் இருந்ததோ பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். மேலிருந்து கீழே வருவதற்குள் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் கொதித்து, உள்ளேயிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கு ரீபேக் என்ற பெயர் நிலைத்தது.

முதல் நாள் வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். வந்திருந்தவர்களில் கீழே விழாமல் இறங்கியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை ரீபேக் நடந்தது. இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடி கடைசிவரை முறியடிக்கப்படவில்லை. ஜோ பிரீஸ் அதைவிட இரண்டே விநாடி பின்தங்கினார். அந்தக் கூட்டத்தில் வெண்டி க்ரேக் என்ற பெண்ணும் இருந்தார். அவரும் பந்தயத்தில் இறங்கினார், கூடவே கேமராவையும் தூக்கிவந்தார். புழுதி பறக்க ஜீன்ஸும் வேலைக்காரர் பூட்ஸும் போட்டுக்கொண்டு திருப்பத்தில் சரியும் இளைஞர்களை நாம் இன்று பார்க்கிறோம் என்றால், அதில் பெரும்பங்கு அவர் எடுத்த படங்களுக்கு உண்டு. அந்தப் படங்களில் போட்டியாளருக்கும் வேடிக்கை பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. சற்று முன் இறங்கியவரே அடுத்தவருக்குக் கை தட்டிக்கொண்டு நிற்கிறார்.

அதே 1976ல் கொலராடோ மாநில மலைகளிலும் இதேபோல ஒன்று நடந்தது. க்ரெஸ்டட் பியூட் என்ற பழைய சுரங்க ஊருக்கு, ஆஸ்பென் நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் பேர்ல் கணவாய் வழியாக வந்து, உள்ளூர் மதுக்கடை வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பெருமையடித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. மிதிவண்டியிலேயே ஆஸ்பென் போய்க் காட்டுகிறோம் என்று தங்கள் ஓட்டை சைக்கிள்களில் கிளம்பிவிட்டார்கள். கணவாயின் உயரம் 12,700 அடி. வழியில் கூடாரமடித்து ஓர் இரவு தங்கி, மறுநாள் இறங்கினார்கள். அங்கே கடிகாரமும் பரிசும் கிடையாது. 1978ல் மரின் ஆட்கள் தங்கள் வண்டிகளோடு அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கலிஃபோர்னியாவின் பந்தயக் கூட்டமும் கொலராடோவின் ஊர்சுற்றும் கூட்டமும் ஒரே கணவாயில் சேர்ந்து ஏறிய அந்தச் செப்டம்பரைத்தான் இந்த விளையாட்டின் பிறந்தநாளாக வைக்க வேண்டும். ரீபேக்கின் புகழுக்கு முன்னால் அந்தப் பயணம் மறக்கப்படுவது நியாயமில்லை.

வண்டியும் வேகமாக மாறியது. 1977ல் ஜோ பிரீஸ், மலைக்கென்றே புதிதாகச் சட்டம் பற்றவைத்து ஒரு சைக்கிள் செய்தார். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டாம் ரிட்சி சட்டங்கள் செய்ய, ஃபிஷரும் கெல்லியும் 1979ல் அவற்றை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1981ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், ஜப்பானில் பெருமளவில் தயாராகிக் கடைக்கு வந்தது. அதன்பின் அது ஒரு நண்பர் கூட்டத்தின் சொத்தாக இருக்கவில்லை.

பந்தயமும் வளர்ந்தது. 1990ல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது. ஏற்றமும் இறக்கமும் கலந்த தடத்தைச் சுற்றிவரும் கிராஸ் கன்ட்ரியில் பெண்கள் பட்டம் ஜூலி ஃபுர்ட்டாடோவுக்கு, ஆண்கள் பட்டம் நெட் ஓவரெண்டுக்கு. ஓவரெண்டுக்கு அப்போது 35 வயது. பல விளையாட்டுகளில் ஓய்வு பெறும் வயது. அவர் ஓயவில்லை. 2015ல் பனியில் ஓட்டும் பருத்த டயர் சைக்கிளுக்கு அமெரிக்காவில் முதன்முறையாகத் தேசியப் போட்டி நடந்தபோது, 59 வயதில் அதையும் வென்றார். 1996ல் அட்லாண்டாவில் கிராஸ் கன்ட்ரி ஒலிம்பிக்கில் நுழைந்தது. இத்தாலியின் பாவோலா பெட்ஸோவும் நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸும் முதல் தங்கங்களைப் பெற்றார்கள்.

மேல்மட்டப் பந்தயம் இரக்கமற்றது. கிராஸ் கன்ட்ரியில் முதலில் போகிறவரின் முதல் சுற்று நேரத்தோடு ஒப்பிட்டு, ஓர் அளவுக்கு மேல் பின்தங்கியவரைச் சுற்றின் முடிவில் வெளியே எடுத்துவிடுவார்கள். சின்னத் தடத்தில் பலமுறை சுற்றும் போட்டியில், முன்னணியில் இருப்பவரின் வழியை மறிக்காமல் இருக்க இது தேவைதான். ஆனால் உள்ளூர்ப் பந்தயங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அங்கே கடைசி ஆள் வரும்வரை முடிவுக் கோட்டில் ஆட்கள் நிற்பதுதான் அடுத்த முறையும் அவரை வரவைக்கும்.

இதைப் புரிந்துகொண்டவர் லெய்ர்டு நைட். 1992ல் மேற்கு வர்ஜீனியாவின் கனான் பள்ளத்தாக்கில் 24 மணி நேரப் போட்டி ஒன்றை அவர் தொடங்கினார். ஒரு அணிக்கு நாலு பேர். ஒருவர் மாற்றி ஒருவர் இரவும் பகலும் சுற்றிவர வேண்டும். ஒருவர் சேற்றில் உழன்றுகொண்டிருக்கும்போது மற்ற மூவர் கூடாரத்தில் சமைப்பதும் தூங்குவதும் செயின் துடைப்பதுமாக இருப்பார்கள். விளக்கை ஹெல்மெட்டில் கட்டிக்கொண்டு நள்ளிரவில் காட்டுக்குள் போகும் நண்பனைத் தட்டிக்கொடுத்து அனுப்புவதில், தரவரிசைக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவே இன்னொரு உறவு வந்துவிடுகிறது. 1996ல் ஜான் ஸ்டாம்ஸ்டட் என்பவர் அத்தனை நேரமும் தனியாகவே ஓட்ட ஆசைப்பட்டார். தனி ஆளுக்கு அங்கே இடமில்லாததால், தன் பெயரையே நாலு விதமாக எழுதி நாலு பேர் அணியாகப் பதிவு செய்துகொண்டு, முழுப் போட்டியையும் ஒருவராகவே முடித்தார். தனிப் பிரிவு அதற்குப் பிறகுதான் பரவியது.

தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் இன்னொரு வழியில் போனது. எட்டு நாள் பந்தயம். இருவர் இருவராகவே சேர முடியும். ஜோடியில் ஒருவர் மற்றவரிடமிருந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரிந்தால் தண்டனை. வலுவானவர் காத்திருந்தே ஆக வேண்டும், களைத்தவர் தன் களைப்பை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நண்பர்களோடு ஓட்டுகிற சவாரிக்கு இப்படி எழுதிய விதிகள் இல்லை. ஆனாலும் உலகின் பல மூலைகளிலும் பழக்கம் கிட்டத்தட்ட ஒன்றே. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னே போனவர்கள் நிற்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்த உடனேயே கிளம்பிவிடக் கூடாது, அவருக்கும் மூச்சு வாங்க நேரம் வேண்டும். இதை மறக்கும் குழுவுக்குப் புது ஆட்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். பாதை தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். பஞ்சர் ஆனால் ஒருவர் பம்பு, ஒருவர் டியூப், ஒருவர் யோசனை என்று கொடுப்பார்கள். குறுகிய பாதையில் எதிரே ஆள் வந்தால் இறங்குகிறவர் ஒதுங்கி, ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். மேட்டில் நின்றுபோன சைக்கிளை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்பது எல்லோருக்கும் தெரியும்.

புதிதாக வருகிறவர் வேகத்தைக் கற்றுக்கொள்வதும் இங்கேதான். இறக்கத்தில் இருக்கையை விட்டு எழுந்து, பெடல்களைச் சமமாக வைத்து, முழங்காலும் முழங்கையும் மடங்கி நிற்க வேண்டும். பார்வை சக்கரத்துக்கு முன்னால் உள்ள கல்லில் நிலைத்தால் வண்டி அந்தக் கல்லுக்கே போகும். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் வாயால் சொல்வதைவிட, நன்றாக ஓட்டுகிறவரின் பின்சக்கரத்தைப் பத்தடி தள்ளித் தொடர்ந்தால் உடம்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

பந்தயத்தின் முகமாக இருந்தவர்களே இந்தப் பக்கத்தையும் வளர்த்தது இந்த விளையாட்டின் நல்ல பேறு. 1983 முதல் 1985 வரை தொடர்ந்து அமெரிக்கத் தேசியப் பட்டத்தை வென்ற ஜாக்கி ஃபெலன், ஆண்களோடு மோதிப் பலரைப் பின்னுக்குத் தள்ளியவர். அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் பெண்கள் மலைசைக்கிள் மற்றும் தேநீர்ச் சங்கம். பெண்களைச் சேர்த்துக்கொண்டு காட்டுப் பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும், சவாரி முடிந்து உட்கார்ந்து தேநீர் குடிப்பதும்தான் அதன் வேலை. வெற்றிமேடையைப் பார்த்து மிரண்டு விலகியிருக்கக்கூடிய பெண்களுக்கு அந்தத் தேநீர் ஒரு கதவைத் திறந்தது.

மரினில் இன்னொரு கதவு அதே காலத்தில் மூடிக்கொண்டிருந்தது. சைக்கிள்கள் பெருகப் பெருக, நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் பயந்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. வளைவுக்கு அப்பால் யார் வருகிறார் என்று பார்க்காமல் பாய்ந்தவர்கள் இருந்தார்கள். டமல்பைஸ் மலையின் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. அகலமான தீயணைப்புச் சாலைகளில் மணிக்கு 24 கிலோமீட்டர் என்று வரம்பும் வந்தது. அதைக் கண்காணிக்க வனக்காவலர்கள் ரேடார் கருவியோடு நின்றார்கள். விளையாட்டு பிறந்த மலையிலேயே அதற்கு இடமில்லை என்ற நிலை.

கலிஃபோர்னியக் குழுக்கள் 1988ல் சேர்ந்து தொடங்கிய சர்வதேச மலைசைக்கிள் சங்கம், வாதாடுவதோடு நிற்காமல் மண்வெட்டியையும் எடுத்தது. பாதை கெடுவதற்குப் பெரிய காரணம் தண்ணீர். பாதை மலைச்சரிவை நேராகக் கிழித்து இறங்கினால் மழைநீர் அதையே ஓடையாக்கிவிடும். அதனால் சரிவு எவ்வளவு செங்குத்தோ அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் போகக் கூடாது, வெளி ஓரம் சற்றுத் தாழ்ந்து தண்ணீரை உடனே வெளியேற்ற வேண்டும் என்ற பாடங்களை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஓட்டாமல் இருப்பதும் அந்தப் பாடத்தில் சேர்ந்தது. விடுமுறை நாளில் பத்துப் பேர் வந்து வேர் வெட்டி, கல் அடுக்கி, வடிகால் சரிசெய்துவிட்டு, அதன்பின் சேர்ந்து ஓட்டிப் பார்ப்பது இன்று பல நாடுகளில் வழக்கம். பந்தயம் நடத்த நினைக்கும் எந்தக் குழுவும் முதலில் இதைச் செய்ய வேண்டும். பாதைக்கு உழைத்தவர் கேட்டால் நிலத்துக்காரர் காது கொடுப்பார்.

பந்தயமும் நண்பர்கள் சவாரியும் சேர்ந்த இன்னொரு இடம் பள்ளி. வட கலிஃபோர்னியாவில் 2001ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மலைசைக்கிள் லீக் தொடங்கியது. 2009ல் அது தேசிய அமைப்பாக விரிந்தது. மற்ற பள்ளி அணிகளில் திறமை குறைந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இங்கே பெஞ்ச் கிடையாது. அணியில் சேர்ந்த ஒவ்வொருவரும் போட்டியில் ஓட்டுவார்கள்.

அந்த லீக்கில் மரினின் பள்ளி ஒன்றுக்காக ஓட்டியவர் கேட் கோர்ட்னி. டமல்பைஸ் மலையடிவாரத்தில் வளர்ந்த அவர், சிறுவயதில் அப்பாவோடு இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அந்த மலையைச் சுற்றியவர். 2018ல் சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடேயில் நடந்த கிராஸ் கன்ட்ரி உலகப் போட்டியை வென்றார். 2001க்குப் பிறகு அந்தப் பட்டம் அமெரிக்கப் பெண் ஒருவருக்குக் கிடைத்தது அப்போதுதான். அடுத்த ஆண்டு உலகக் கோப்பைத் தொடரின் மொத்தப் பட்டமும் அவருக்கே வந்தது. இப்போது ஷீ செண்ட்ஸ் என்ற பெயரில் அவர் நடத்தும் அறக்கட்டளை, சைக்கிள் ஓட்ட வரும் இளம் பெண்களுக்குத் துணை நிற்கிறது.