இரவுச் சாலையில் ஆந்தை

தில்லியில் இரவில் வண்டி ஓட்டும் நம்மவர் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். விளக்குக் கம்பத்தின் அடியிலோ சாலை நடுத்திட்டிலோ ஒரு சாண் உயர உருவம் ஒன்று உட்கார்ந்து, மஞ்சள் கண்களால் நம்மையே முறைக்கும். லோதி கார்டன் பக்கம் எனக்கு இந்தத் தரிசனம் பலமுறை கிடைத்திருக்கிறது. கூட வந்த அம்மா ஒருதரம், "அபசகுனம்டா, வண்டியைத் திருப்பு" என்றாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளோ லக்ஷ்மியின் வாகனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அது புள்ளி ஆந்தை. நமக்குச் சேதி சொல்ல வரவில்லை. விளக்கைச் சுற்றி விழும் பூச்சிகளைப் பொறுக்க வருகிறது. நம்மூரில் சாவுக்குருவி என்று வசைபாடும் கூகை எலிக்காக வருகிறது. கார் ஜன்னல் வழியாக நாம் வீசும் மிச்சத் தின்பண்டம் எலியை இழுக்க, எலி கூகையை இழுக்கிறது.

ஆபத்து எங்கே? ஆந்தையின் விழி குழாய் வடிவானது, குழிக்குள் உருளாது. பக்கவாட்டில் பார்க்கத் தலையையே திருப்பவேண்டும். சுமார் 270 டிகிரி வரை திருப்பும். மங்கிய ஒளிக்கென்றே அமைந்த அந்தக் கண் ஹைபீம் வெளிச்சத்தில் கூசிப்போகிறது. கூகை தாழப் பறந்து வேட்டையாடும் பறவை வேறு. ஏறக்குறைய நம் பானெட் உயரம்தான். ஆகவே வேகத்தைக் குறைத்து விளக்கைத் தாழ்த்துங்கள்.

சங்கப் புலவர்கள் கூகையை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். நற்றிணை 83-ஆம் பாட்டில் தோழி, இரவில் குழறி ஊரை எழுப்பிவிடாதே, நெய்ச்சோற்றோடு சுட்ட எலியும் தருகிறோம் என்று கூகையிடம் பேரம் பேசுகிறாள். லஞ்சம்தான், ஆனால் எது பிடிக்கும் என்று தெரிந்து கொடுக்கிற லஞ்சம்!

வடக்கே வாகனம் என்ற மரியாதையும் காப்பாற்றவில்லை. தீபாவளி சமயத்தில் மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள். அப்போது அறியப்பட்டிருந்த 30 இந்திய வகைகளில் 15 வகைகள் கள்ளச் சந்தையில் விற்கப்பட்டதாக 2010-இல் ட்ராஃபிக் இந்தியா அமைப்பு அறிக்கை வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம்.

அடிபட்ட ஆந்தையைக் கண்டால்? 1929-இல் தொடங்கி, இப்போது செங்கோட்டை எதிரே இருக்கும் ஜைனப் பறவை மருத்துவமனை பிரசித்தம். ஆனால் அங்கே படுக்கை சைவப் பறவைகளுக்குத்தான். மாமிசம் தின்னும் பருந்து, ஆந்தைகளுக்கு வஸீராபாதில் நதீம், சவூத் சகோதரர்களின் வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ இருக்கிறது. 2022-இல் வந்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம் இவர்களைப் பற்றியதுதான். அங்கே போய்ச் சேரும்வரை, தடித்த துண்டால் மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம். நகத்திடம் மட்டும் ஜாக்கிரதை.