நல்ல செய்தியையும் நிறுத்துத்தான் வாங்க வேண்டும்

கெட்ட செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வியாபாரிகளாகிய எமக்குத் தெரியும். கொள்முதலைக் குறைப்போம், கடன் கொடுப்பதை நிறுத்துவோம், கையிலுள்ள காசை இறுக்கிப் பிடிப்போம். ஆனால் நல்ல செய்தி வந்தால் என்ன செய்வதென்று எம்மில் பலருக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கும் மேலாகக் கடை நடத்தும் நான், நஷ்டப்பட்ட சந்தர்ப்பங்களை எண்ணிப் பார்த்தால், நல்ல செய்தியை அளவுக்கு மீறி நம்பிப் பட்ட நஷ்டமே அதிகம். அவற்றில் பெரியது 2021ஆம் ஆண்டு கொரோனாத் தடுப்பூசி நாட்டுக்கு வந்தபோது பட்டது. “நிலைமை நல்லா வருது என்கிறாங்களே, கடையைப் பெருப்பிக்கலாமா?” என்று இளம் வியாபாரிகள் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வந்த செய்தி

2021 ஜனவரி 28ஆந் திகதி இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் டோஸ் கொவிஷீல்ட் தடுப்பூசி கட்டுநாயக்கவுக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, கொழும்பு வைத்தியசாலைகளில் சுகாதார ஊழியர்களுக்கும் படையினருக்கும் ஊசி ஏற்றத் தொடங்கினார்கள். ஜும்ஆ முடிந்து கண்டியிலுள்ள எனது புடவைக் கடைக்கு வந்தபோது, பக்கத்து ஹார்ட்வெயார் கடை ஹாஜியார் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். “தம்பி, முடிஞ்சி. இனிப் பயமில்ல. நோன்புப் பெருநாளைக்கு நல்லா சாமான் போடுங்க” என்றார்.

அன்று எங்கள் மனநிலை எப்படி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 2020 நோன்புப் பெருநாள் வியாபாரம் ஊரடங்கில் போனது. ஒக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொடை கொத்தணிகளோடு இரண்டாம் அலை வந்தது. வியாபாரத்தை விடப் பெரிய வேதனை, கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டித் தங்கள் துக்கத்தைத் தெரிவித்தார்கள். கண்டியில் என் கடைக்கும் வெள்ளைத் துணி கேட்டுச் சிலர் வந்தார்கள். அவர்களிடம் விலை சொல்ல வாய் வரவில்லை.

அப்படி இருந்த எமக்கு ஜனவரியில் தடுப்பூசி வந்தது. பெப்ரவரி இறுதியில், ஜனாஸாக்களை அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானியும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், சோதனை முடிந்தது என்றே நானும் நினைத்தேன். மார்ச் முதல் வாரம் புறக்கோட்டைக்குப் போனேன். வழமையாகப் பெருநாளைக்கு 18 இலட்சத்துக்கு எடுப்பவன், அன்று 32 இலட்சத்துக்குச் சரக்கு எடுத்தேன். 8 இலட்சம் கையில் கொடுத்தேன். மீதி 24 இலட்சத்துக்கு மே 20, மே 31, ஜூன் 10 என்று திகதியிட்டு மூன்று செக் எழுதிக் கொடுத்தேன்.

செய்தி பொய்யல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நல்ல செய்தி பொய்யானது அல்ல. கூகைக்கட்டுத் தடுப்பூசி 1960களில் 4 வருடத்தில் தயாரானது. அதையே பெரிய வேகம் என்று சொல்வார்கள். கொரோனாத் தடுப்பூசியோ ஒரு வருடத்துக்குள் வந்தது. ஜெர்மனியில் பயோன்டெக் என்ற கம்பனியை நடத்திய ஊர் சாஹின், ஒஸ்லெம் துரெசி தம்பதியினர் 2020 ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இருவரும் துருக்கிய வம்சாவளியினர். சாஹினின் தந்தை கொலோன் நகரத்துக் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பைசர் கம்பனியோடு சேர்ந்து அவர்கள் செய்த தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் பலன் தருகிறது என்ற அறிவிப்பு 2020 நவம்பர் 9ஆந் திகதி வெளிவந்தது. டிசம்பர் 8ஆந் திகதி இங்கிலாந்தின் கொவன்ட்ரி நகரில் 90 வயதான மார்கரட் கீனன் என்ற மூதாட்டி அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்.

இந்த வேகத்துக்கு விஞ்ஞானம் மட்டும் காரணமல்ல, வியாபாரத் துணிச்சலும் ஒரு காரணம். வழமையாக ஒரு மருந்தைப் பரிசோதித்து, அனுமதி எடுத்து, அதன் பிறகே பெருமளவில் உற்பத்தி செய்வார்கள். இம்முறை பரிசோதனை நடக்கும்போதே உற்பத்தியையும் ஆரம்பித்தார்கள். எமக்கு வந்த கொவிஷீல்டைச் செய்தது இந்தியாவின் பூனேயிலுள்ள சீரம் நிறுவனம். பந்தயக் குதிரை வளர்த்த குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் பூனாவாலா 1966இல் ஆரம்பித்தது அது. அனுமதி கிடைக்கும் முன்பே அவர்கள் பல மில்லியன் டோஸ்களைச் செய்து களஞ்சியத்தில் வைத்தார்கள். பரிசோதனை தோற்றிருந்தால் அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் எவ்வளவு போகலாம், எவ்வளவைத் தாங்கலாம் என்று கணக்குப் பார்த்தே அவர்கள் அந்தத் துணிச்சலை எடுத்தார்கள். நான் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

நான் கேட்காமல் விட்ட நான்கு கேள்விகள்

முதலாவது, வந்தது எவ்வளவு? 5 இலட்சம் டோஸ் என்றவுடன் பெரிய தொகையாகத் தெரிந்தது. ஆளுக்கு இரண்டு டோஸ் என்றால் அது இரண்டரை இலட்சம் பேருக்குத்தான் போதும். நாட்டின் சனத்தொகையோ ஏறக்குறைய 220 இலட்சம். அதாவது நூறு பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாக மட்டுமே. நூறு வாடிக்கையாளர் வரும் கடைக்கு ஒரு சாரத்தை வாங்கி வைத்துவிட்டு, சரக்கு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது, முதலில் யாருக்கு? வைத்தியர்கள், தாதிமார், படையினர். அது நியாயமான வரிசை. ஆனால் பெருநாளைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வரும் தாய்மார் அந்த வரிசையில் எங்கோ பின்னால் இருந்தார்கள்.

மூன்றாவது, பலன் கைக்கு வர எத்தனை நாள்? இந்த ஊசியின் இரண்டாவது டோஸை 12 வாரம் வரை இடைவெளி விட்டுப் போடலாம். அதன் பின்னரும் உடம்பு முழுப் பாதுகாப்பைப் பெற ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஆக 14 வாரம். ஜனவரி 29ஆந் திகதி முதல் ஆளாக ஊசி போட்டவருக்கே, 12 வாரக் கணக்கில் பார்த்தால், முழுப் பாதுகாப்பு மே 7ஆந் திகதிதான் வரும். அந்த வருடம் நோன்புப் பெருநாள் மே 14. முதல் ஆளுக்கே பெருநாளைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் பாதுகாப்பு என்றால், எனது வாடிக்கையாளருக்கு எப்போது? ஒரு கலண்டரை எடுத்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செக்குகளுக்குத் திகதி போடக் கலண்டரைப் பார்த்த நான், இதற்குப் பார்க்கவில்லை.

நான்காவது, மீதி யாரிடமிருந்து வரும்? அவர் நிறுத்தினால் என்ன செய்வது? மார்ச் இறுதியில் இந்தியாவில் தொற்று ஏறத் தொடங்கியதும், அங்கிருந்து தடுப்பூசி ஏற்றுமதி தடைப்பட்டது. தன் வீட்டில் நெருப்புப் பிடித்தவன் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க மாட்டான். அதனால் இங்கு முதலாவது டோஸ் போட்ட ஏறக்குறைய 6 இலட்சம் பேர் இரண்டாவது டோஸ் இன்றிக் காத்திருந்தார்கள். ஜப்பான் கொடுத்த அதே வகைத் தடுப்பூசி ஜூலை இறுதியில்தான் வந்து சேர்ந்தது. இதற்கிடையில் சீனாவின் சினோபார்ம், ரஷ்யாவின் ஸ்புட்னிக், அமெரிக்காவின் மொடர்னா என்று பல இடங்களிலிருந்தும் வந்ததால்தான் நாடு தப்பியது. ஒரே ஒரு மொத்த வியாபாரியை நம்பிக் கடை நடத்துபவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு நடந்தது

சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் நன்றாக இருந்தது. அதைப் பார்த்து நான் இன்னும் தைரியமானேன். ஏப்ரல் இறுதியில் மூன்றாம் அலை வந்தது. மே இரண்டாம் வாரம் மாகாணங்களுக்கிடையில் பயணம் தடுக்கப்பட்டது. மே 13 இரவு முதல் நாடு முழுவதும் பயணத்தடை. பெருநாளன்று வீட்டுக்குள் தொழுதோம். மே 21 முதல் ஜூன் 21 வரை பெரும்பாலும் கடை மூடியே கிடந்தது. கடை மூடியதென்று செக்கின் திகதி நிற்பதில்லை. 32 இலட்சத்துச் சரக்கில் பாதிக்கு மேல் றாக்கையில் இருந்தது.

முதலாவது செக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது புறக்கோட்டை முதலாளிக்குப் போன் எடுத்தேன். வெட்கமாக இருந்தது. முதல் செக்கின் பாதியைக் கட்டுவதாகவும், மீதிக் கடனை மாதாமாதம் ஆறு தவணையில் தருவதாகவும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீங்க முதல்ல சொன்னீங்களே, அது போதும்” என்று சொல்லி ஒப்புக்கொண்டார். போனை நிறுத்தி வைத்தவர்களின் செக்குகளை அவர் வங்கியில் போட்டதாகவும் பல திரும்பி வந்ததாகவும் பின்னர் அறிந்தேன். அவர்களில் சிலருக்கு இன்றும் அந்தத் தெருவில் கடன் கிடையாது. நான் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது டிசம்பரில்.

ஆகஸ்ட் மாதம் நாட்டில் ஒரு நாளில் 200 பேருக்கு மேல் இறந்த நாட்களும் இருந்தன. கணக்கை இப்படிப் பாருங்கள். தடுப்பூசி ஆரம்பித்த அன்று, அதுவரை இறந்தோர் தொகை 300 அளவில் இருந்தது. அந்த வருடம் முடியும்போது அது ஏறக்குறைய 15,000. நோயின் கொடூரமான பகுதி, அந்த நல்ல செய்தி வந்த பிறகுதான் வந்தது.

“முடிஞ்சி” என்று சொன்ன ஹாஜியாரும் அந்த ஆகஸ்டில் மௌத்தானார். எங்கள் பகுதியில் வயதானவர்களுக்கு ஊசி போட்டபோது, கதைகள் பல உலாவின. அவர் “மத்தவங்க போடட்டும், பார்ப்போம்” என்று இருந்துவிட்டார். நான் இரண்டு முறை கூப்பிட்டேன், மூன்றாவது முறை கூப்பிடவில்லை. அது இன்றும் மனதில் கிடக்கிறது. அதே செய்தியை நம்பி அவரும் மார்ச் மாதம் கடை நிறைய சாமான் போட்டவர். சரக்கு விஷயத்தில் அளவுக்கு மீறி நம்பினார், உடம்பு விஷயத்தில் நம்பவில்லை. அவருடைய ஜனாஸாவை ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அடக்கம் செய்ய அனுமதி வந்தது பெரும் நல்ல செய்தி. ஆனால் மார்ச் 2022 வரை அந்த ஓர் இடத்தில் மட்டுமே அனுமதி இருந்தது. 3,600க்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள் அங்கு அடக்கப்பட்டன. நல்ல செய்தி முழுமையாக வந்து சேர ஒரு வருடம் எடுத்தது.

நம்பிக்கை வீண்போகவில்லை

இதையெல்லாம் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. 2021 ஒக்டோபர் 1ஆந் திகதி நாடு மீண்டும் திறக்கப்பட்டபோது சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு டோஸும் போட்டிருந்தார்கள். மரணங்கள் குறைந்தன, கடைக்கு ஆட்கள் வந்தார்கள். றாக்கையில் கிடந்த பெருநாள் உடுப்புகளை அப்போதுதான் விற்றேன். முதல் ஒரு வருடத்தில் மட்டும் உலகில் ஏறக்குறைய 2 கோடி உயிர்களைத் தடுப்பூசி காப்பாற்றியிருக்கும் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் கணித்தார்கள். ஜனவரியில் நாங்கள் சந்தோஷப்பட்டது சரிதான். ஒக்டோபரில் வர வேண்டியதை மே மாதத்துக்கு எழுதியதுதான் பிழை.

ஆகவே, என்னிடம் கேட்ட இளைஞர்களுக்குச் சொன்னது இதுதான். நல்ல செய்தி வந்தால் அல்லாஹ்வைப் புகழுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, எவ்வளவு வந்தது, முதலில் யாருக்கு, பலன் கைக்கு வர எத்தனை நாள், மீதி யாரிடமிருந்து வரும் என்று நான்கையும் எழுதுங்கள். பதில் தெரியாத கேள்விக்கு எதிரே செக் எழுத வேண்டாம். பலன் தருமென்று நினைத்த நாளைவிடப் பாதி காலம் கூட எடுத்தால் தாங்குமா என்று பாருங்கள். தாங்குமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். தாங்காதென்றால் பாதி சரக்குடன் ஆரம்பியுங்கள், மீதியை ஆட்கள் வரத் தொடங்கியதும் எடுக்கலாம். திகதி தவறப்போகிறது என்று தெரிந்தால், கடன் தந்தவருக்கு நீங்களே முதலில் போன் எடுங்கள்.

இப்போது பெருநாள் சரக்கு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போகும் போதெல்லாம் அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. சென்ற முறை அந்த முதலாளி அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, எனக்குத் தேநீர் சொன்னார்.