நாட்டுக் காவலும் நாடுகளின் சட்டமும்

ஒரு நாட்டிற்கு அரண் யாது என்று வினவின், மலையும் நீரும் காடும் மதிலும் எனப் பண்டையோர் விடை பகர்ந்தனர். பொருட்பாலில் அரணுக்கு ஓரதிகாரமும் படைக்கு ஈரதிகாரங்களும் வகுத்த திருவள்ளுவர், தூதிற்கும் தனியே ஓரதிகாரம் வகுத்துள்ளார். வாளால் மட்டுமன்றிச் சொல்லாலும் நாடு காக்கப்படும் என்பது இதனாற் போதரும். அச்சொல் இக்காலத்தில் உடன்படிக்கை, சர்வதேசச் சட்டம், சர்வதேச நீதிமன்றம் என்னும் வடிவங்களைப் பெற்றுள்ளது. தனக்கெனப் படையொன்றும் இல்லாத நீதிமன்றம், பெரும்படையுடைய அரசுகளின் காவற் கொள்கையை எங்ஙனம் மாற்ற இயலும்? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அரசலாறு கடலொடு கலக்கும் எங்கள் காரைக்காலே தக்க சான்றாகும். 1739-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற இவ்வூர், அந்நூற்றாண்டுப் போர்களில் ஆங்கிலேயர் கையும் பிரெஞ்சுக்காரர் கையும் மாறி மாறிச் சென்றது. இறுதியில், 1814-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை இதனைப் பிரான்சுக்கே மீட்டளித்தது. ஆனால் அவ்வுடன்படிக்கை இரண்டு கட்டுப்பாடுகளை விதித்தது: மீட்டளிக்கப்பட்ட இந்திய ஊர்களிற் கோட்டை கட்டலாகாது என்பது ஒன்று, உள்ளூர் அமைதியைக் காத்தற்கு வேண்டிய அளவன்றி மிகுதியான படைவீரரை வைத்தலாகாது என்பது மற்றொன்று. ஒரு பேரரசு தன் ஆட்சிக்குட்பட்ட ஊரை எவ்வாறு காத்தல் வேண்டும் என்பதை, ஏட்டில் எழுதிய இரண்டொரு வரிகள் வரையறுத்துவிட்டன.

அதன் விளைவு வியக்கத்தக்கது. மூன்று புறமும் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டமும் ஒரு புறம் வங்கக் கடலும் சூழ்ந்திருக்க, மதிலும் பீரங்கியும் இன்றியே காரைக்கால் ஒரு நூற்றாண்டிற்கு மேல் நிலைத்து நின்றது. ஐரோப்பாவில் அவ்விரு அரசுகளும் கொண்டிருந்த உறவும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் உடன்படிக்கை வகுத்த எல்லைக்கோடு வெறுங்கோடாக இருக்கவில்லை. 1908-ஆம் ஆண்டில் புதுச்சேரி புகுந்த பாரதியார், ஆங்கில ஆட்சியின் சிறைக்குத் தப்பி அங்குப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். 1918-ஆம் ஆண்டில் அவ்வெல்லையைக் கடந்து வந்தபோது கடலூர் அருகே கைதுசெய்யப்பட்டார். கோட்டை செய்யாத காவலை ஒரு கோடு செய்தது.

இந்தியா விடுதலை பெற்ற பின்னர், இத்தகைய அயலாட்சித் திட்டுக்களை என் செய்வது என்னும் வினா எழுந்தது. பிரான்சு பேச்சு வழியை மேற்கொண்டது. 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரிற் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956-இல் எழுதப்பட்ட உடன்படிக்கை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பணி முடியும் வரை எட்டாண்டுகள் பொறுத்திருந்ததனால், பகைமையின்றி எல்லை மாறியது.

போர்த்துக்கல்லோ வேறு வழி சென்றது. 1954-இல் தாத்ரா, நகர்ஹவேலி என்னும் உள்நாட்டுத் திட்டுக்களிலிருந்து அதன் ஆட்சி நீங்கியது. தாமனிலிருந்து அவ்விடங்களுக்குச் செல்ல இந்திய மண்ணின் வழியே தனக்கு உரிமை உண்டென்று, அது 1955-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பு நுண்ணியது. நெடுங்கால வழக்கத்தால் தனி மக்களும், ஆட்சி அலுவலரும், பொதுப் பண்டங்களும் சென்றுவர உரிமை உண்டு. படைவீரரும், ஆயுதந்தாங்கிய காவலரும், படைக்கலங்களும் செல்ல உரிமை இல்லை என்று நீதிமன்றம் கூறியது. அக்காலத்து நிலவிய கொந்தளிப்பினிடையே இந்தியா வழியை மறுத்ததும் கடமை தவறியதாகாது என்று முடித்தது. அயல்நாட்டுப் படை தன் மண்ணில் நடப்பதைத் தடுக்கும் உரிமை, இவ்வாறு இந்தியாவுக்கு நீதிமன்றத்தாலேயே உறுதி செய்யப்பட்டது.

இவ்வழக்கிலிருந்து அரசுகள் மற்றொரு பாடமும் கற்றன. சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரம் நாடுகளின் இசைவைப் பொறுத்தது. ஆகவே எவ்வெவ் வழக்குகளுக்கு இசைவோம் என்பதை ஒவ்வொரு நாடும் அறிவிப்பின் வாயிலாக வரையறுக்கலாம். இந்தியா 1974-ஆம் ஆண்டு அறிவிப்பில், காமன்வெல்த் நாடுகளுடன் எழும் வழக்குகளையும், போர், தற்காப்பு ஆகியன பற்றிய வழக்குகளையும் விலக்கிக்கொண்டது. 1999-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட தன் விமானம் குறித்துப் பாகிஸ்தான் தொடுத்த வழக்கை, இவ்விலக்கின் காரணமாகவே 2000-ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆனால் கதவை அடைத்தவன் தானும் அவ்வழியே வெளியேறல் இயலாது. பாக்கு நீரிணையில் இலங்கையோடு எழும் பூசலையும் அவ்வழியாக அந்நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்ல இயலாமையை நாம் நோக்குதல் வேண்டும்.

பாக்கு நீரிணை என்றவுடன் எங்கள் கடற்கரையோர் நெஞ்சு துணுக்குறும். 1974, 1976-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இரு நாடுகளுக்கும் இடையே கடல் எல்லையை வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சென்றது. ஒரு நாட்டு மீனவர் மற்றொரு நாட்டுக் கடலில் இசைவின்றி மீன்பிடித்தலாகாது என்றும் முடிவாயிற்று. மீனுக்கோ எல்லை தெரியாது. இரவிற் செல்லும் படகுக்கும் அது கண்ணாற் புலனாவதன்று. மறுபுறம், எம் விசைப்படகுகளின் இழுவலை தங்கள் வலையை அறுத்துக் கடலடியை வறிதாக்குகிறது என வடஇலங்கைத் தமிழ் மீனவர் கூறும் முறையீடும் மெய்யானதே. 2017-இல் இலங்கை இழுவலை மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடுத்தது. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் நெடுந்தீவருகே 13 மீனவரைப் பிடித்தபோது இலங்கைக் கடற்படையின் துப்பாக்கி வெடித்தது, இருவர் கடுங்காயமுற்றனர். அவர்கள் சென்ற படகு காரைக்காற் படகு. இந்திய அரசு இலங்கைத் தூதரை அழைத்துத் தன் கண்டனத்தைத் தெரிவித்தது.

இவ்விடத்தில் சட்டம் கூறுவது யாது? 1982-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையில் இரு நாடுகளும் உறுப்பினவே. அதன் 73-ஆம் பிரிவின்படி, தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியோரை, அவ்விரு நாடுகளும் தமக்குள் வேறு உடன்பாடு செய்துகொண்டாலன்றிச் சிறையிடலாகாது. தக்க பிணை பெற்றுப் படகையும் ஆட்களையும் விரைவில் விடுவித்தல் வேண்டும். ஆயினும் பாக்கு நீரிணை குறுகியது. கைதுகள் பெரும்பாலும் கரையை அடுத்த கடலிலேயே நிகழ்வதால், இப்பிரிவு அங்குத் துணைசெய்வது அரிது. அதற்கும் அப்பால் ஒரு நெறி உண்டு. 1999-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், 'சாய்கா' என்னும் கப்பல் பற்றிய வழக்கில், ஹாம்பர்க் நகரிலுள்ள கடற்சட்ட நீதிமன்றம் அந்நெறியை உரைத்தது: கப்பலைப் பிடிக்கையில் வன்முறையை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும், தவிர்க்க இயலாதவிடத்தும் தேவையான அளவைக் கடத்தலாகாது, முதலில் நிறுத்துமாறு குறிகாட்டி, பின்னரே பிற வழிகளை நாடல் வேண்டும். கடலிலும் மனிதநேயம் பொருந்தும் என்பதே அதன் கருத்து.

சட்டத்தை மதியாத வலியோர் இல்லையோ எனின், உளர். தென்சீனக் கடல் பற்றிய 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சீனா ஏற்கவில்லை. எனினும், வங்காள விரிகுடாவில் வழக்கிலிருந்த 25,602 சதுரக் கிலோமீட்டரில் 19,467-ஐ வங்காளதேசத்துக்கு அளித்த 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பை இந்தியா ஏற்றுக்கொண்டது. பரப்பில் இழந்தது மிகுதியாயினும், ஐயமற்ற எல்லையும் அண்டை நாட்டின் நட்பும் பெற்றது. அண்டையில் ஒரு பகையைக் குறைத்தலும் காவலே அன்றோ?

ஆதலின், சர்வதேசச் சட்டம் ஒரு நாட்டின் காவலை மூவகையால் மாற்றுகின்றது. எங்குப் படை வைக்கலாகாது என்று எல்லை கட்டுகின்றது. வைத்த படை எவ்வளவிற்குமேல் தாக்கலாகாது என்று அளவு கட்டுகின்றது. எளியோர்க்கு முறையிட ஒரு வாயிலும் திறக்கின்றது. மதிலற்ற காரைக்காலை ஒரு காலத்தில் உடன்படிக்கைச் சொல் காத்தது. இன்று அதே கரையிலிருந்து செல்லும் படகிற்கும், எதிர்க்கரையிலிருந்து வரும் படகிற்கும், அத்தகையதொரு சொல் வேண்டும். இரு கரை மீனவரும் ஓரிடத்து அமர்ந்து, கடலை எங்ஙனம் பகிர்ந்து காப்பது என்பதைத் தம் அரசுகளோடு கூடி எழுதிக்கொள்வாராயின், துப்பாக்கிக்கு வேலை குறையும். இரவிற் கடல் நோக்கிக் காத்திருக்கும் தாய்மாரின் அச்சமும் குறையும். அந்நாள் விரைவில் வருக!