டிராகன் செத்தால் நாமும் சாவோமா?

டீ ஆறுவதற்குள் முடிகிற சங்கதி இல்லை இது. கடம்பத்தூர் ஸ்டேஷனில் அடுத்த அரக்கோணம் வண்டி வருகிறவரை நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நிதானமாகவே போவோம். நெட்ஹேக் என்று ஒரு கணினி விளையாட்டு. 1987-ல் வெளிவந்தது. இன்றைக்கும் இலவசம், போனிலும் ஆடலாம். பாதாளத்தில் தளம் தளமாக இறங்கி, எதிர்ப்படும் ஜந்துக்களோடு மல்லுக்கட்டி, ஒரு தாயத்தை எடுத்து வர வேண்டும். பழைய வடிவத்தில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் சுழிக் குறிதான் நாம். டிராகன் என்றால் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து.

இந்தப் பாதாளத்தில் உருமாற்றத் திரவம் ஒன்று உண்டு. குடித்தால் நம் சுழிக் குறி மறைந்து அதே இடத்தில் வேறோர் எழுத்து நிற்கும். அது சிவப்பு ‘டி’யாக இருந்தால் நாம் நெருப்பு கக்கும் டிராகன். அதிர்ஷ்டம் கைவிட்டால் ஒரு சின்னப் பல்லி.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். நமக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்கிற கதை பழக்கம். சாத்தனூரில் மூலன் என்ற இடையர் இறந்து கிடக்க, மாடுகள் கதறுவதைப் பார்த்த சிவயோகி தன் உடலை ஒளித்துவைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார். திரும்பி வந்து தேடினால் பழைய உடலைக் காணோம். அவர்தான் திருமூலர் என்கிறது பெரியபுராணம். அந்தக் கணக்கிலேயே யோசித்து, ‘டிராகன் உடம்பில் இருக்கும்போது அடிபட்டுச் செத்தால் நம் கதையும் முடிந்தது’ என்று புது ஆட்டக்காரர்கள் நினைக்கிறார்கள். பயந்து பயந்து ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் டிராகனைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

நெட்ஹேக்கில் நாம் எங்கும் பாய்வதில்லை. கம்பெனியில் சட்டைக்கு மேல் ஓவர்கோட் மாட்டுகிறோமே, அதுதான் டிராகன். எண்ணெய்க் கறை கோட்டோடு போகும், சட்டை அப்படியே இருக்கும். திரையின் அடியில் உயிர்ப்புள்ளி என்று ஓர் எண் ஓடும். எவ்வளவு அடி தாங்குவோம் என்பதன் கணக்கு அது. நமக்கு 24 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். டிராகன் ஆனதும் அந்த இடத்தில் 90 என்று புது எண் வரும். அடி விழ விழ இந்த 90 தான் கரையும். பூஜ்யம் ஆனதும் ‘மனித உருவுக்குத் திரும்பினாய்’ என்று ஒரு வரி. கீழே பார்த்தால் அதே 24, பத்திரமாக. ஆக, உருமாற்றம் என்பது தாக்கும் ஆயுதம் மட்டுமில்லை, இரண்டாவது உயிரும்கூட. விதிவிலக்கு உண்டு. காக்கட்ரிஸ் என்ற ஜந்துவை வெறும் உடம்பால் தொட்டால், சிவப்பு டிராகனானாலும் கல்லாகி ஒரேயடியாக ஆட்டம் முடிந்துவிடும்.

சரி, உள்ளே இருப்பது யார்? நாமேதான். கடம்பத்தூரிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் திருவாலங்காடு. அழகான உடலை உதறிப் பேய் வடிவு கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார் வந்து பாடிய ஊர். உரு போனது, பக்தியும் பாட்டும் அவருடையதாகவே இருந்தன. விளையாட்டிலும் பசி, பொன், கும்பிடும் சாமி எல்லாம் பழையபடிதான். கூட வந்த நாய்க்குட்டியும் டிராகனைக் கண்டு குரைக்காமல் பின்னாலேயே வரும்.

மாறாதது மனசு, மாறுவது அளவு. துணிமணிக்கு அங்கேதான் கண்டம். டிராகன் பெரிய உடம்பு, போட்டிருக்கும் கவசம் தெறித்து உடைந்துபோகும், மேலங்கி கிழியும். டிராகனுக்குக் கை இல்லை, அதனால் வாளும் கையுறையும் கீழே விழும். இவை உடையாது, பொறுக்கிக்கொள்ளலாம். பல்லி ஆனாலோ கவசம் முழுசாகக் கழன்று நம்மைச் சுற்றி விழும். டிராகன் செதிலால் ஆன கவசத்துக்கு மட்டும் தனிச் சலுகை: அது உடையாமல் உடம்போடு ஒன்றிவிடும், நாமும் அந்த நிற டிராகனாகவே மாறுவோம். இந்த விளையாட்டை எழுதியவர்களின் குறும்பு எனக்குப் பிடித்ததே இந்த மாதிரி இடங்களில்தான்.

எந்த உரு வரும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க ஒரு மோதிரம் இருக்கிறது. அது இல்லாமல் குடித்தால் வருவது வரட்டும் என்பதுதான். உடல்வலு குறைந்தவர்களுக்கு மாற்றமே நடக்காமல் உடம்பு நடுங்கி 30 புள்ளி வரை போய்விடவும் கூடும். 24 வைத்திருப்பவருக்கு அது சாவு. கிடைத்த உருவும் நிரந்தரமில்லை. 500 முதல் 999 நகர்வுகள் வரை நிற்கும். தகுதிக்கு மீறிய உரு என்றால் அதிலும் வெட்டு விழும்: டிராகன் பதினைந்தாம் நிலை, ஐந்தாம் நிலை ஆள் அதை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான்.

எனவே நீங்கள் ஆட உட்கார்ந்தால் இரண்டே வேலை. முதலில் மேலங்கியையும் கவசத்தையும் கழற்றித் தரையில் வையுங்கள். மோதிரம் இருந்தால் விரலில் மாட்டுங்கள். பிறகு குடியுங்கள்.